அக்கரைப் பெருநாள்

கல்முனைக் கரையில் ஒரே குடும்பத்தார் இருவேறு நாள்களிற் பெருநாள் கொண்டாடும் வழக்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நிலவி வருகின்றது. தந்தை தோஹாவிலோ ரியாத்திலோ பெருநாள் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டாரை அழைத்து வாழ்த்துக் கூறும் காலை, இங்கே மனைவியும் மக்களும் நோன்பிருக்கின்றனர். மறுநாள் இவர்கள் புத்தாடை புனைந்து வட்டிலப்பம் பங்கிடும் வேளையில், அங்கே அவருக்குப் பெருநாள் பழையதாகிவிடுகின்றது. பிரிவு என்பது தமிழுக்குப் புதிய பொருளன்று. ஆயினும் ஆள் பிரிவதோடு அமையாது, நாளும் கிழமையும் கூடப் பிரிந்து நிற்கும் இப்பிரிவு நம் காலத்தது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். அறபியர் இந்நாளை ‘ஈத்’ என்பர். மீளுதல், திரும்பி வருதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அச்சொல் பிறந்ததென்று அறபு அகராதியாசிரியர் கூறுவர். ஆண்டுதோறும் மீண்டு வருவதால் அது ஈத் ஆயிற்று. நம்மவரோ அச்சொல்லை இரவல் வாங்காது, ‘பெருநாள்’ என்று தூய தமிழ்ப் பெயரே இட்டனர். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்னும் இரண்டும் அவ்வாறு வந்தவையே. மலையாள நாட்டிலும் முஸ்லிம்களும் சிரியக் கிறித்தவர்களும் தத்தம் விழாவைப் பெருநாள் என்றே வழங்குகின்றனர். அறபுச் சொல்லிலே மீட்சி இருக்கின்றது. தமிழ்ச் சொல்லிலே பெருமை இருக்கின்றது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் அக்கரையில் இருப்பவர் நிலை விளங்கும். நாள் தவறாது மீண்டு வருகின்றது. ஆள்தான் மீண்டு வருவதில்லை.

மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கடல்கடந்து ஓராளையேனும் அனுப்பாத ஒழுங்கையைக் காண்பது அரிது. நெல்லும் மீனும் கைத்தறியும் சிறு வாணிகமுமே இவ்வூர்களின் பழைய வாழ்வு. 1973 இல் எண்ணெய் விலை ஏறியது. பாரசீக வளைகுடா நாடுகள் திடீரென நகரங்கள் கட்டத் தொடங்கின. கொத்தனாரும் தச்சரும் சாரதிகளும் சமையற்காரரும் அங்கே தேவைப்பட்டனர். 1977 இற்குப் பின் இலங்கையின் கதவுகளும் அகலத் திறந்தன. 1985 இல் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் நிறுவப்பட்ட காலத்தில், இக்கரையோரத்துப் பிள்ளைகளுக்குச் சவூதி, குவைத்து, கட்டார், டுபாய் என்னும் பெயர்கள் பாடநூற் பெயர்களாக இருக்கவில்லை. வாப்பாவோ காக்காவோ இருக்கும் இடங்களின் பெயர்களாகிவிட்டன.

இரு பெருநாள் உண்டாவது எவ்வாறு? பிறையினால். அமாவாசை கழிந்த சந்திரன் கதிரவனை விட்டு மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை விலகிச் செல்லும். ஏழு பாகையேனும் விலகாத பிறை மானிடக் கண்ணுக்குப் புலப்படாது என்பது வானூலார் கணிப்பு. கல்முனை கிழக்கு நெடுங்கோட்டில் 82 பாகையளவிலும், மக்கா 40 பாகையளவிலும் உள்ளன. இடையே 42 பாகை. காலத்தாற் கணித்தால் 2 மணி 48 நிமிடம். அவ்வளவு நேரம் பிந்தியே அங்கே கதிரவன் மறைகின்றான். அதற்குள் பிறை ஒரு பாகைக்கு மேல் வளர்ந்துவிடுகின்றது. நம் வானிற் காணாத பிறை மேற்கே அதே மாலையிற் காணப்படுதல் இதனாலேயே. மக்காவிற் பிறை கண்டதாக அறிவிக்கப்படும் சில மாலைகளில் அங்கும் அதனைக் காண்டல் இயலாதென வானூலார் மறுப்பதுண்டு. அவ்வழக்கினுள் நாம் புகவேண்டுவதில்லை. இலங்கையில் நாட்டுப் பிறையே கணக்கு. கொழும்புப் பெரிய பள்ளிவாசலும், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடி, சாட்சியங்களைக் கேட்டு, நாளை அறிவிக்கும். 2025 இல் சவூதி அறேபியாவில் நோன்புப் பெருநாள் மார்ச் 30 ஞாயிறு. இலங்கையில் மார்ச் 31 திங்கள்.

இது இக்கால விமானப் பயணத்தால் விளைந்த சிக்கல் என்று கருதுவோர் உளர். அன்று. நபித்தோழர் காலத்திலேயே இது நிகழ்ந்தது. உம்முல் பழ்ல் என்னும் அம்மையார் குரைப் என்பவரைச் சிரியாவிலிருந்த முஆவியாவிடம் ஒரு காரியமாக அனுப்பினார். குரைப் அங்கே வெள்ளியிரவு றமழான் பிறை கண்டார். மாதக் கடையில் மதீனா திரும்பியபோது, தாம் சனியிரவே பிறை கண்டதாக இப்னு அப்பாஸ் கூறினார். சிரியாவிற் கண்ட பிறை போதாதா என வினவிய குரைபுக்கு, போதாது, நாங்கள் கண்டதைக் கொண்டே முப்பதை நிறைவு செய்வோம், இல்லையேல் பிறை காண்போம் என்னும் கருத்தில் அவர் விடையிறுத்தார். ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் திரட்டில் இச்செய்தி உளது. ஓர் ஊருக்கு ஒரு வானம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. நம் நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலார் தழுவும் ஷாபிஈ நெறியும் அதனையே கொள்கின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். சங்கப் புலவர் பிறையை வெறும் அணியாகப் பாடவில்லை. பிறை தொழும் வழக்கம் அந்நாளிலும் இருந்தது. குறுந்தொகையின் 307 ஆம் பாட்டை மாணவர் எடுத்துப் படிக்க வேண்டும். அந்திச் செவ்வானிற் பலருந் தொழப் பிறை தோன்றிவிட்டது. உடைந்த வளைத்துண்டை அதற்கு ஒப்பாகச் சொல்கின்றார் புலவர். பாலை வழியே பொருள் தேடிச் சென்ற தலைவன் தன்னை மறந்தானோ என்று தலைவி கலங்குகின்றாள். பல ஆண்டுகளாக வகுப்பிலே இப்பாட்டைக் கற்பித்து வரும் எனக்கு, அதற்கு உரை கூறும் தேவை இங்கே மிகக் குறைவு. பிறை என்றதும் முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் தலை குனிந்து கொள்வர். பாலைத்திணை அவர்கள் வீட்டுத் திணை. வேனிலும் மணலும் நீரற்ற வழியும் உரிப்பொருளான பிரிவும் அப்படியே இருக்கின்றன. கள்வர் இருந்த இடத்தில் தரகர் இருக்கின்றார் என்பதே வேற்றுமை.

எனினும் ஓரிடத்தில் இலக்கணம் தலைகீழாகிவிட்டது. கடல்வழிச் செல்லுதல் மகளிரோடு இல்லையென்பது தொல்காப்பியர் விதி. பொருள்வயிற் பிரிபவன் ஆடவன். இருந்து ஆற்றியிருப்பவள் மகள். 1990 களில் இலங்கையிலிருந்து வெளிநாடு சென்று உழைத்தோரிற் பெண்களே பெரும்பான்மையினர். வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற அவர்களிற் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் பெண்கள் பலர். பிறை கண்டு கலங்கும் இடத்தில் இப்போது கணவன் நிற்கின்றான். அவனுக்குச் சோறாக்கத் தெரியாது. பிள்ளைக்குத் தலைவாரத் தெரியாது. பெருநாளன்று பெண்பிள்ளைக்கு மருதோன்றி இட்டுவிட அயல் வீட்டு ராத்தாவை நாடுகின்றான். இதற்குத் துறை வகுத்த இலக்கணம் யாதும் நம்மிடம் இல்லை.

பணிப்பெண்ணுக்குப் பெருநாள் எத்தகையது என்பதைத் திரும்பி வந்தவர் வாயாற் கேட்டிருக்கின்றேன். விழாநாளே அவருக்கு ஆண்டில் மிகுதியான வேலையுடைய நாள். இரவெல்லாம் இறைச்சியும் இனிப்பும் ஆக்கி, வைகறையில் வீட்டாரைத் தொழுகைக்கு அனுப்பி, வந்த விருந்தினருக்குக் காவா ஊற்றி, அடுக்களையைக் கழுவி முடிக்கும்போது அடுத்த நாள் பிறந்துவிடும். நல்ல வீடு வாய்த்தவர்க்குப் புத்தாடையும் பெருநாட் காசும் கிடைக்கும். அவற்றை அவர் நன்றியோடு நினைவு கூர்வர். வாய்க்காதவர் பேசுவதில்லை. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005 இல் சவூதி அறேபியா சென்றார். வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு அனுப்பப்பட்ட அச்சிறுமி, சில வாரங்களிலேயே கைதாகி, 2013 சனவரி 9 இல் மரண தண்டனைக்கு உள்ளானார். ஆண்டுக்கு இரண்டாக எண்ணிப் பார்த்தால் அவர் சிறையிற் கழித்த பெருநாள்கள் பதினாறு.

ஆடவர் கதை வேறு. நகருக்குப் புறத்தே தொழிலாளர் விடுதிகளில், ஓரறையில் அறுவர் எண்மராக அவர் வாழ்கின்றனர். கதிரவன் எழுந்து சிறிது நேரத்திற்குள் திறந்த திடலிலே பெருநாள் தொழுகை நடந்து முடியும். திடல் பெரிது, கூட்டம் பெரிது, விரிப்பும் ஒலிபெருக்கியும் சிறப்பாக அமைந்திருக்கும். குத்பாப் பேருரை அறபில் நிகழும். இங்கேதான் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. இம்மார்க்கம் பிறந்த மண் அது. மறை இறங்கிய மொழி அவர்கள் வீதிமொழி. ஐவேளையும் எத்திசை நோக்கித் தொழுகின்றோமோ அத்திசைக்கே சென்று வாழ்கின்றார் நம்மவர். ஆயினும் அங்கே பெருநாள் வரும்போது, அது தமது பெருநாளன்று என்று அவருக்குத் தோன்றுகின்றது. தொழுகை முடிந்ததும் அயலில் நிற்பவர் தழுவி வாழ்த்துக் கூறுவர், பெயர் தெரியாது, நாளை மீண்டும் காணப்போவதில்லை. அறைக்கு வந்து உறங்குவர். பெருநாளன்று பகலுறக்கம் கொள்ளுதல் அக்கரை வழக்கம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஊரில் அன்று உறங்க நேரம் ஏது?

வணக்கம் எங்கும் நிறைவேறும். பெருநாள் ஊரில்தான் நிறைவேறும் என்று இதனைக் கொள்ளலாமா? கல்முனைக்குடியிலோ நிந்தவூரிலோ பெருநாட் காலையில் நிகழ்வனவற்றைப் பார்ப்போர் ஒப்புவர். தொழுகை முடிந்ததும் மையவாடிக்குச் சென்று இறந்தோர்க்காக இறைஞ்சுகின்றனர். பின்னர் மூத்தார் வீடுகளுக்குப் போகின்றனர். ஓராண்டாகப் பேசாதிருந்த மச்சானும் மச்சானும் அன்று ஸலாம் கூறியே தீரவேண்டும். கூறாவிடின் ஊர் பேசும். சிறுவர் கூட்டமாகப் புறப்பட்டு வீடுவீடாகப் பெருநாட் காசு சேர்க்கின்றனர். தொதலும் மஸ்கற்றும் சுற்றி வைத்த தட்டுகள் வேலி கடந்து போகின்றன. காரைதீவிலும் பாண்டிருப்பிலும் உள்ள தமிழ் நண்பர்களின் இல்லங்களுக்கும் செல்கின்றன. சித்திரைப் புத்தாண்டிலே அத்தட்டுகள் பலகாரத்தோடு திரும்பி வரும். மாலையிற் கடற்கரை நிறைந்துவிடும். இவற்றுள் ஒன்றையேனும் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்ப இயலாது. அனுப்ப இயன்றது ஒன்றே. மருதமுனைக் கைத்தறிச் சாரனை அக்கரையார் பலர் பெருநாளுக்கென்று பேணி வைத்திருக்கின்றனர். தொழுகைக்கு அறபு அங்கி அணிந்து போனவரும் அறைக்கு வந்ததும் அச்சாரனை உடுத்தே உணவுக்கு அமர்கின்றனர். ஊரார் ஐவரோ அறுவரோ சேர்ந்து சகனில் ஒரே தட்டாகச் சோறு பரிமாறி உண்ணும் அந்த ஒரு நாழிகை மட்டும் தோஹா நகர் சாய்ந்தமருதாகின்றது.

இவ்வுணர்ச்சி அறபு தெரியாமையால் விளைந்ததென்பாரும் உளர். அறபு பேசிய இப்னு பதூதாவின் வரலாறு அதற்கு விடை. 1325 இல், இருபத்தோரு வயதில், தாஞ்சியரிலிருந்து தனியே புறப்பட்டவர் அவர். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் வெளியே வந்து பயணக் கூட்டத்தாரை ஒருவரையொருவர் வாழ்த்தி வரவேற்றனர். அவரை அறிந்தவர் எவரும் இல்லை. அவருக்கு ஸலாம் கூறுவாரும் இல்லை. மொழி ஒன்று, மார்க்கம் ஒன்று. இருந்தும் அவர் தேம்பி அழுதார். உடன் வந்த ஒருவர் அது கண்டு இரங்கி அவரிடம் பேச்சுக் கொடுத்துத் தேற்றினார். அந்த ஆண்டின் நோன்புப் பெருநாள் தூனிசிலேயே அவருக்கு வாய்த்தது. பின்னர் 1344 இல் நம் இலங்கைக்கும் வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாத மலையும் ஏறிச் சென்றவர் அவர். உலகைச் சுற்றிய அம்மனிதர் தம் நூலிலே அந்த முதல் அழுகையை மறைக்காமல் எழுதி வைத்தது பாராட்டுக்குரியது.

நம்மவர் அறபு நாட்டிற் பெருநாள் கொண்டாடுவது போலவே, அறபியர் நம் நாட்டிற் பெருநாள் கொண்டாடியதும் உண்டு. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அஹ்மத் அறபி பாஷாவும் தோழர் அறுவரும் 1883 சனவரியில் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பை அடைந்தனர். எம். சி. சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ அதற்கு முந்திய மாதமே தொடங்கியிருந்தது. கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் பதினெட்டு ஆண்டு வாழ்ந்து 1901 இல் அறபி பாஷா தாயகம் மீண்டார். 1892 இல் கொழும்பிலே தோன்றி, பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த கலைக்கூடத்திற்கு அவர் தந்த ஊக்கம் வரலாறறிந்தது. இங்குள்ள முஸ்லிம்கள் அவரைத் தலைமேற் கொண்டாடினர். தோழருட் சிலர் மீளாமலே இம்மண்ணில் அடங்கினர்.

அவ்வெழுவருள் ஒருவர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி. எகிப்தின் முதலமைச்சராக இருந்தவர். அறபுக் கவிதைக்குப் புத்துயிர் அளித்தவர் என்று அந்நாட்டார் போற்றும் பெரும்புலவர். பதினேழு ஆண்டு அவர் இங்கே இருந்தார். நாம் தென்றலும் தேயிலைச் சரிவும் என்று வியந்து பாடும் இந்நாடு அவர் கவிதைகளிற் சரந்தீபு என்னும் பெயரால் வருகின்றது. நைல் நதியை நினைந்து ஏங்குமிடமாக வருகின்றது. எகிப்தில் மனைவி இறந்த செய்தி எட்டியபோது இங்கிருந்து பாடிய இரங்கற்பா அறபிலக்கியத்திற் பெயர் பெற்றது. பார்வை மங்கிய நிலையில் 1899 இல் ஊர் திரும்பி 1904 இல் மறைந்தார். கண்டி மலையிலே அறபுப் புலவருக்கு ஏற்பட்ட ஏக்கமும், குவைத்து மணலிலே கல்முனைத் தொழிலாளிக்கு ஏற்படும் ஏக்கமும் ஒன்றே. முன்னவர் பாடினார், பின்னவருக்காகப் பாடியவர் மிகச் சிலர். ஈழத்து இலக்கியத்தார் போரைப் பாடினர். புலம்பெயர்ந்து பனிநாடுகளில் வாழ்வோரைப் பாடினர். வளைகுடாவுக்குச் சென்று இரண்டாண்டு உழைத்து மீள்வோரை மட்டும் புலம்பெயர்ந்தோர் என்று கணக்கில் எடுக்கவே அவர்களுக்கு மனம் வரவில்லை. மீண்டு வருபவனுக்குப் புலம்பல் எதற்கு என்று எண்ணினர் போலும்.

அப்பாடல்கள் இல்லாவிடினும் கடிதங்கள் இருந்தன. 1980 களில் பள்ளிச் சிறுவனாக இருந்த நான், எழுதப் படிக்க அறியாத அயல்வீட்டுப் பெண்டிர்க்கு மடல் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். றமழான் பிறந்ததும் அவ்வேலை மிகும். ‘வாப்பா எப்ப வருவாரெண்டு சின்னவன் கேக்கான்’ என்று சொல்வதை அப்படியே எழுத வேண்டும். செந்தமிழ் ஆக்கினால் அவருக்கு என் குரல் கேளாது என்று ஒரு பெண்மணி முன்னமே எச்சரித்திருந்தார். அக்கடிதம் போய்ச் சேரும்போது பெருநாள் கழிந்திருக்கும். அதன் பின் ஒலிநாடா வந்தது. பெருநாட் காலையில் தக்பீர் ஒலியையும், பிள்ளைகளின் ஆரவாரத்தையும், கோழி கூவுவதையும் கூடப் பதிந்து ஊர் செல்பவர் கையிற் கொடுத்தனுப்பினர். இப்பொழுது கைப்பேசித் திரையிலே முகங்காண முடிகின்றது. தந்தை திரையைப் பார்த்துக்கொண்டே உண்கின்றார். காண முடிகின்றமையாற் பிரிவு குறைந்ததா, கூடியதா என்பது வேறு ஆராய்ச்சி. அக்கடிதங்களையும் நாடாக்களையும் வைத்திருப்போர் எறிந்துவிடலாகாது என்பது என் வேண்டுகோள். அவை சில இல்லங்களிற் பழைய தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன.

2004 திசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. இலங்கையில் மிகுதியாக இழந்த மாவட்டம் இதுவே. அன்று அக்கரையில் இருந்தோர் தொலைக்காட்சியில் நீரைக் கண்டனர், வீட்டை அழைத்தனர், இணைப்பில்லை. நாட்கணக்கில் விடையறியாது இருந்தோர் உண்டு. ஒரு மாதம் நிறையுமுன் 2005 சனவரியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீட்டையும், எவருக்காகக் கட்டினாரோ அவரையும் ஒருசேரக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அப்பெருநாளில் எத்திடலிலே நின்று தொழுதனரோ!

வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இக்கரையோரத்தில் மணமகன் மனைவி வீட்டிற்கு வந்து வாழ்வதே மரபு. மகளுக்கு வீடு கொடுக்காமல் திருமணம் இல்லை. பெண்ணுக்குத் தன் பெயரில் ஓர் உறைவிடம் உறுதியாக இருப்பது இதன் சிறப்பு. ஏனைய பகுதியார் கண்டு வியக்கத்தக்கது. ஆனால் மூன்று பெண்மக்களைப் பெற்ற தந்தை மூன்று வீடு கட்டல் வேண்டும். மணல் விலையும் சீமெந்து விலையும் ஏறிய இக்காலத்தில், நெல்வயலை மட்டும் நம்பியவனால் அது ஆகாது. ஒரு வீட்டுக்கு ஐந்தாறு பெருநாள்கள் விலையாகின்றன. சிலருக்குப் பத்தும் ஆகும். மரபைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் இருமாடி வீட்டின் முன்மண்டபத்திலே, மாப்பிள்ளை வீட்டார் பெருநாள் விருந்துண்ணும் நேரத்தில், அதனைக் கட்டியவர் எங்கோ ஒரு விடுதியிற் பகலுறங்குவதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

மார்க்க நூலார் இப்பிரிவை வேறு வகையால் அறிந்திருக்கின்றனர். செல்வத்துக்குரிய ஸகாத் பொருள் இருக்கும் ஊரிலும், நோன்புப் பெருநாளுக்குரிய பித்ரா ஆள் இருக்கும் ஊரிலும் கொடுக்கப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பித்ரா உடலைத் தொடரும். எனவே தந்தை தமக்குரிய தானியத்தை அக்கரையில் அவ்வூர் ஏழைக்கு அளந்து கொடுக்கின்றார். மக்களுக்குரியதை இங்கே அவர் சார்பில் மனைவி நாட்டரிசியாக அளக்கின்றார். ஒரே குடும்பத்தின் பித்ரா இரண்டு நாட்டில், இரண்டு நாளில், இரண்டு தானியமாக அளக்கப்படுகின்றது.

பொதுவாக இரண்டாண்டு ஒப்பந்தத்தில் நான்கு பெருநாள்கள் வரும். விடுமுறை ஒன்றுக்குத்தான் கிடைக்கும். எதற்கு வருவது என்பது குடும்பங்களிற் பல மாதத்துக்கு முன்பே ஆராயப்படும் வினா. நோன்பின் கடைப்பத்திலே விமானம் ஏறி, கட்டுநாயக்காவில் இறங்கி, இரவெல்லாம் வண்டி ஓட விடியலிற் கல்முனை சேர்வோர் பலர். அவர்களுக்காகவே எழுதி வைத்தாற்போல ஒரு சட்டம் ஷாபிஈ நூல்களில் இருக்கின்றது. 1277 இல் மறைந்த இமாம் நவவி தமது மின்ஹாஜ் என்னும் நூலில் அதனைத் தருகின்றார். பிறை முந்திய ஊரிலிருந்து பிந்திய ஊருக்கு வந்தவர், தமக்கு முப்பது நிறைந்திருப்பினும், வந்த ஊராரோடு சேர்ந்தே நோன்பு நோற்க வேண்டும். பிந்திய ஊரிலிருந்து முந்திய ஊருக்குச் சென்றவர் அவ்வூராரோடு பெருநாள் கொண்டாடி, இருபத்தெட்டே நோற்றிருப்பின் குறைந்த ஒன்றைப் பின்னர் நோற்க வேண்டும். காலையிற் பெருநாள் கொண்டாடியவர் ஏறிய கப்பல் நோன்பிருக்கும் தொலையூரை அடையுமாயின், எஞ்சிய பகலில் அவரும் உண்ணாதிருத்தல் வேண்டும். கப்பல் என்ற இடத்தில் விமானம் என்று மாற்றிப் படித்தால் போதும்.

அவ்வாறு வந்தவர்க்குச் சில ஆண்டுகளில் முப்பத்தொரு நோன்பு ஆகிவிடுகின்றது. தோஹாவில் நண்பர்கள் பெருநாள் உணவுண்ணும் பகலில், சாய்ந்தமருதில் அவர் வயிறு காய இருக்கின்றார். மாலை நோன்புக் கஞ்சிக்கு எல்லோருக்கும் முன்பாகப் பாயில் வந்தமர்பவரும் அவரே. மகள் கோப்பையை நீட்டுகின்றாள். பாங்கு ஒலிக்கும் வரை அதனைக் கையிலேந்தியபடி, வாப்பாவும் பிள்ளைகளும் ஒரே திசையில் மேல்வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.